பெயர் கேட்காத அறை (11): போட்டு வாறன்

தாலிக்குப் பொன்னுருக்குகிற வீட்டில் அழக்கூடாது. தும்மக்கூடாது. அரிசி முடிந்துபோனாலும் 'இல்லை' என்று சொல்லக்கூடாது, 'நிறைஞ்சு போச்சு' என்றுதான் சொல்லவேண்டும். உருக்கி முடிந்ததும் கலியாண நாள்வரை மாப்பிள்ளை வாசற்படலை தாண்டக்கூடாது. கிளிநொச்சியில் விமலேஸ்வரி வீட்டு முன்படலைக்குள் இவைதான் சட்டம்.

அதே வீட்டின் பக்கப்படலைக்குள் வேறு சட்டம். அது மருமகள் சுதாஜினியின் சட்டம். அங்கே மனம்விட்டு அழலாம். அதற்காகவே ஆட்கள் வந்தார்கள்.

பக்கத்து விறாந்தையை அடைத்துக் கட்டிய அந்த அறையில்தான் சுதாஜினி உளவளத்துணை செய்துவந்தாள். வாசலில் ஒரு சின்னப் பலகை. வருகிறவர்கள் பெயரோ ஊரோ சொல்லத் தேவையில்லை, கூப்பிடுவதற்கு ஒரு பெயர் தந்தால் போதும். அறைக்குள் பேசுவது அறையை விட்டு வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் போகும். வருகிறவர்களோடு வீட்டு ஆட்கள் கதைக்கமாட்டார்கள்.

முதலாவது சட்டத்தைப் பார்த்து வெளியூரில் படித்தவர்கள் சிரித்தார்கள். பெயர் தெரியாத ஆளுக்கு என்ன உதவி செய்வாய் என்று கேட்டார்கள். சுதாஜினிக்கு வன்னிச் சனத்தைத் தெரியும். முகாமில் பதிந்து, மீளக் குடியேறும்போது பதிந்து, காணாமல் போனவர்களுக்காகத் திரும்பத் திரும்பப் பதிந்து களைத்துப்போன சனம். பேனாவை எடுத்தால் வாயை மூடிவிடும். பேனாவை மேசைக்குள் வைத்துப் பூட்டிய பிறகுதான் அவளுடைய அறைக்கு ஆள் வரத் தொடங்கியது.

"கோயில்லகூட இவ்வளவு சட்டம் இல்லைப் பிள்ளை. சும்மா கதைக்கிறதுக்கு என்னத்துக்குப் பலகை?" என்பாள் விமலேஸ்வரி. மூன்றாவது சட்டம் தனக்காகவே எழுதப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாரத்துக்கு நாலு பேருக்காவது தேத்தண்ணி கொடுத்துவிடுவாள்.

வியாழக்கிழமைதோறும் வருகிறவள் பூரணி. அது அவள் தானே வைத்துக்கொண்ட அறைப்பெயர். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். வலது காதின் மேல்நுனி இல்லை. சின்ன வயதில் ஷெல் துண்டு கொண்டுபோனது. அதை மறைக்க முடியை அந்தப் பக்கம் இழுத்து விட்டிருப்பாள். கிளிநொச்சி ஆட்களைப்போல் 'ஓம்', 'எண்டு' என்று கவனமாகக் கதைப்பாள். அழுகை வந்தால் மட்டும் மலைநாட்டுத் தமிழ் வந்துவிடும்.

சென்ற வியாழன், எழும்பிப் போகிற நேரத்தில் அவள் சொன்னது சுதாஜினியின் நெஞ்சில் இந்த ஒரு கிழமையும் கல்லாகக் கிடந்தது.

"அவருக்குக் கலியாணமாம் மிஸ். என் அம்மா தோட்டத்துல கொழுந்து பறிச்சவன்னு அவங்க வீட்டுல தெரிஞ்சா சரிவராதாம்."

அந்த 'அவர்' யார் என்று சுதாஜினி கேட்கவில்லை. கேட்பதில்லை என்பதுதானே சட்டம். அடுத்த வியாழன் அறை பூட்டு, வீட்டில் ஒரு காரியம் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். என்ன காரியம் என்று சொல்லவில்லை. சொந்தக் கதையை அந்த அறைக்குள் கொண்டுபோவதில்லை என்பது அவள் பலகையில் எழுதாத இன்னொரு சட்டம். பூரணி தலையாட்டிவிட்டுப் போனாள்.

இன்று அந்த வியாழன்.

கணவன் திலீபனின் தம்பி விதுசனுக்குத் திங்கட்கிழமை கலியாணம், பெண் வவுனியாவில். திலீபன் கட்டாரிலிருந்து சனிக்கிழமைதான் வருவான். ஆகவே மூத்த மருமகள் தலையில்தான் எல்லாம் விழுந்தது. ஏரம்பு ஆசாரியார் உமிச்சட்டியில் நெருப்பு மூட்டி, பொன் நாணயத்தை வைத்து ஊதினார். பொன் கட்டியாகாமல் பந்தாக உருண்டு வந்தது. நல்ல சகுனம் என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். சுதாஜினி பலகாரப் பெட்டிகளை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு அயல்வீடுகளுக்குக் கொடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது வந்தவர்கள் கலைந்திருந்தார்கள். மாமி குசினியில் வடை பொரித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, உன்ர ஆள் ஒண்டு வந்திட்டுப் போகுது."

"ஆர் மாமி?"

"எனக்குப் பேர் தெரியுமே? கேக்கக்கூடாதெண்டு நீதானே பலகையில எழுதி வைச்சிருக்கிறாய்."

சுதாஜினிக்குச் சிரிப்பு வந்தது. "அறை பூட்டெண்டு படலையில எழுதிக் கட்டினனானே."

"அதைப் பார்த்துக்கொண்டுதான் நிண்டவள். பார்க்கப் பாவமாக் கிடந்தது. நல்ல நாளில படலைக்கு வந்த பிள்ளையை வெறுவயித்தோட அனுப்பலாமே? ஹோலுக்குள்ள கூட்டிக்கொண்டுவந்து இருத்திப் பலகாரம் குடுத்தனான். கோவியாதை."

"எப்பிடி ஆள் மாமி?"

"சின்னப் பெட்டை. காதில ஒரு துண்டு இல்லை, பாவம்."

சுதாஜினியின் சிரிப்பு நின்றது.

மாமி வடையைத் திருப்பிப் போட்டபடியே சொல்லிக்கொண்டு போனாள். "என்ன விசேஷம் எண்டு கேட்டவள். என்ர கடைக்குட்டிக்குப் பொன்னுருக்கு எண்டனான். மாப்பிள்ளையைப் பார்க்கலாமோ எண்டவள். தம்பியும் அப்பதான் ஆசாரியாரை அனுப்பிப்போட்டு உள்ளுக்கு வந்தவன். இவன்தான் எண்டு காட்டினனான். பார்த்துக்கொண்டே நிண்டவள். பிறகு தட்டைக் கதிரையில வைச்சிட்டு, 'நான் போறேம்மா' எண்டாள்."

"என்னெண்டு சொன்னவா?"

"போறேம்மா எண்டு. நான் விடுவனே? நல்ல நாளும் அதுவுமா அப்பிடியோ சொல்லுறது, 'போட்டு வாறன்' எண்டு சொல்லு பிள்ளை எண்டு திருத்தினனான். ஜெயபுரம் பக்கத்து மலைநாட்டு ஆக்கள் மாதிரிக் கதை. அவையள் அப்பிடித்தான் சொல்லுறவையாக்கும்."

சுதாஜினி குசினிக் கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அவையளும் அப்பிடிச் சொல்லாயினம் மாமி. தமிழ் கதைக்கிற ஒருதரும் அப்பிடிச் சொல்லாயினம்."

சந்தைக்குப் போனாலும் கனடாவுக்குப் போனாலும் நம்முடைய சனம் திரும்பி வருவதையும் சேர்த்துச் சொல்லித்தான் படலையைத் தாண்டும். 'போறன்' என்பது கோபத்தில் சொல்வது, அல்லது கடைசியாகச் சொல்வது. இது மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பூரணிக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் தெரிந்துதான் சொன்னாள். தன் நிலைமையை ஒரே சொல்லில் ஒருத்தியிடம் சொன்னாள். கேட்டவளோ அதை இலக்கணப் பிழையாக எடுத்துத் திருத்தி அனுப்பியிருக்கிறாள்.

"திருத்தின பிறகு சொன்னவாவோ?"

"என்னத்தை?"

"போட்டு வாறன் எண்டு."

"ஓம் ஓம், சொல்லியிருப்பாள். எனக்கு அடுப்பில வடை கருகுது."

சுதாஜினி விதுசனைத் தேடிப் போனாள். அவன் முன் விறாந்தையில் பட்டு வேட்டியோடு, சந்தனம் காய்ந்த நெற்றியோடு, சுவரைப் பார்த்தபடி நின்றான். பரந்தனில் ஒரு லீசிங் கொம்பனியில் வேலை. நாலு பேர் சபையில் வாய் ஓயாத பெடியன். இப்போது அவனுக்கு வாய் இருந்த இடம் தெரியவில்லை.

"தம்பி, ஒருக்கா அறைக்கு வாங்கோ."

கதவைச் சாத்தினாள். அவன் போய் அமர்ந்தது பூரணி வழக்கமாக இருக்கும் கதிரை. அதைச் சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டாள்.

"இண்டைக்கு வந்த பிள்ளையை உங்களுக்குத் தெரியுமோ?"

"எந்தப் பிள்ளை அண்ணி?"

"அம்மா ஹோலுக்குள்ள கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை."

"தெரியாது."

"தம்பி, எனக்கு நேரமில்லை."

அவன் வேட்டிக் கரையைத் திருகினான். பிறகு தலை நிமிராமல் கேட்டான். "ராஜினி என்ன சொன்னவள்?"

அப்படித்தான் சுதாஜினிக்கு அவளுடைய பெயர் தெரியவந்தது. நாலு மாதமாக எதிரில் இருந்து அழுத பிள்ளையின் பெயர்.

அவனை அறைய வேண்டும் போலிருந்தது. ஒரே வீட்டில், ஒரே குசினியில் சாப்பிட்டுக்கொண்டு, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இவன் கலியாணச் சேட்டு அளவு பார்த்தான். இந்தப் பக்கம் அவள் கண்ணைத் துடைத்தாள். நடுவில் இருந்த தனக்கு ஒன்றும் தெரியவில்லை. தன் சட்டங்களை எவ்வளவு ஒழுங்காகக் காத்தோம் என்று நினைக்கவே சுதாஜினிக்கு வெட்கமாக இருந்தது.

முதல் நாள் பலகையை வாசித்துவிட்டுப் பூரணி கேட்டது நினைவுக்கு வந்தது. "உயிருக்கு ஆபத்தெண்டா யாருக்கு மிஸ் சொல்லுவீங்க?"

"உங்களைக் காப்பாத்தக்கூடிய ஆளுக்கு."

"அப்பிடி ஒரு ஆள் இருந்தா நான் ஏன் மிஸ் இங்க வாறேன்?"

இப்போது அப்படி ஓர் ஆள் கதிரையில் இருந்தான். அவளைக் கெடுத்தவனும் இவன்தான், அவள் எங்கே போயிருப்பாள் என்று தெரிந்த ஒரே ஆளும் இவன்தான். சொல்லத்தான் வேண்டும். சொன்னால் இந்த வீட்டில் கலியாணம் நடக்குமா தெரியாது. மாமி இனித் தன் முகத்தில் விழிப்பாளா தெரியாது. இந்த அறைக்கு இன்னொரு ஆள் வருமா அதுவும் தெரியாது.

"தம்பி, ராஜினி என்னட்ட நாலு மாசமா வாறவா. இண்டைக்கு அம்மாட்ட 'போறன்' எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கிறா. எனக்குப் பயமாக் கிடக்கு. உயிர்ப் பயம். நீங்கள் ரெண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமையில போய் இருக்கிறனீங்கள் எண்டு அவா சொன்ன இடம் எது?"

விதுசன் நிமிர்ந்தான். "அவள் அப்பிடியெல்லாம் செய்யமாட்டாள் அண்ணி."

"இடத்தைச் சொல்லுங்கோ."

"ஆனையிறவு. உப்பளம் தாண்டிக் கடல்கரையில ஒரு உடைஞ்ச பங்கர் கிடக்கு. அதுக்குப் பின்னால."

சுதாஜினி பளையில் இருக்கும் தன் சினேகிதிக்கு உடனே போன் எடுத்து இடத்தைச் சொன்னாள். சிவதர்சினி அங்கே குடும்பநல மருத்துவமாது. கேள்வி கேட்கிற பழக்கம் இல்லாதவள். "விளங்குது. பெடியன் ஒருதனையும் ஏத்திக்கொண்டு இப்பவே வெளிக்கிடுறன்," என்று வைத்துவிட்டாள்.

"நீங்கள் ராஜினிக்குப் போன் எடுங்கோ," என்றாள் சுதாஜினி.

"எடுக்கமாட்டாள். நான் அவளின்ர நம்பரை புளொக் பண்ணி வைச்சிருக்கிறன்."

"எடுங்கோ எண்டுறன்!"

அவன் எடுத்தான். காதில் வைத்தான்.

கதவுக்கு வெளியே, பக்க விறாந்தையில், ஒரு போன் அடித்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சுதாஜினி கதவைத் திறந்தாள். ஆட்கள் காத்திருக்கிற வாங்கில், கண் துடைத்து மடித்த கைலேஞ்சிக்கு மேலே, ஒரு சின்னப் போன் கிடந்து அதிர்ந்தது. திரையில் எழுத்து மின்னியது. 'அவர்.'

மறந்துவிட்டுப் போனதல்ல. மறக்கிறவர்கள் கைலேஞ்சியை ஒழுங்காக மடித்து அதன்மேல் வைக்கமாட்டார்கள். இனிமேல் தேவையில்லை என்றுதான் வைத்திருக்கிறாள்.

"ஆற்ற போன் அது?" வடைத் தட்டோடு விமலேஸ்வரி வந்து நின்றாள். வாங்கில் அடிக்கும் போனைப் பார்த்தாள். மகன் காதில் வைத்திருக்கும் போனைப் பார்த்தாள். மாமியின் வாய் ஓயாதுதான், ஆனால் அவள் ஒன்றும் தெரியாத ஆள் இல்லை. தட்டு கையில் சாய்ந்து இரண்டு வடை நிலத்தில் விழுந்தது.

"தம்பி?"

விதுசன் காதிலிருந்த போனைக் கீழே இறக்கினான்.

"அந்தப் பெட்டைக்கும் உனக்கும் என்னடா?"

அவன் அழத் தொடங்கினான். பொன்னுருக்கின வீட்டில் மாப்பிள்ளை அழுதான்.

சுதாஜினி அந்தப் போனை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டிக்கு ஓடினாள். விதுசன் பின்னால் வந்தான். படலையடியில் மாமி குறுக்கே வந்துவிட்டாள்.

"நீ போ பிள்ளை. இவன் வரமாட்டான். உருக்கின பிறகு மாப்பிள்ளை படலை தாண்டக்கூடாது. வவுனியா ஆக்கள் கேள்விப்பட்டால் என்ன நினைப்பினம்? நாலு நாளில கலியாணம்."

விதுசன் படலைக்கு உள்ளேயே நின்றுவிட்டான். தாய் தடுத்தது அவனுக்கு வசதியாகவும் இருந்திருக்கும். எல்லா இடத்திலும் அப்படித்தானே அவன் நின்றிருக்கிறான். சுதாஜினிக்கு அவனோடு மல்லுக்கட்ட நேரமில்லை. ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்தாள்.

"பிள்ளை, நில்!"

மாமி கையை உயர்த்தினாள்.

"அவள் சொல்லேல்லை."

"என்ன மாமி?"

"போட்டு வாறன் எண்டு அவள் சொல்லேல்லை. நான் திருத்தச் சிரிச்சவள். சிரிச்சுப்போட்டுத் திரும்பி நடந்தவள். எனக்கு அப்பவே ஒரு மாதிரிக் கிடந்தது. வடை கருகுதெண்டு நான் உள்ளுக்கு வந்திட்டன்."

சுதாஜினி ஸ்கூட்டியைப் படலைப் பக்கம் திருப்பினாள்.

விமலேஸ்வரி மகனைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பது வருடமாகச் சகுனமும் நேரமும் பார்த்து இந்த வீட்டை நடத்தியவள், படலையை விட்டு ஒதுங்கினாள்.

"போடா. பெண்பழியோட எனக்கொரு கலியாணம் வேண்டாம். போ!"

அவன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, ராஜினியின் போனைச் சுதாஜினியிடமிருந்து வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினான். படலையைத் தாண்டும்போது இருவருமே 'போட்டு வாறம்' என்று சொல்லவில்லை. மாமியும் திருத்தவில்லை.

கரடிப்போக்குச் சந்தி தாண்டியது. வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் பஸ். ஒவ்வொன்றின் யன்னலையும் விதுசன் எட்டிப் பார்த்தான். ராஜினி எந்த பஸ்ஸில் ஏறினாள், ஏறினாளா, நடந்தாளா, ஒன்றும் தெரியாது. பரந்தனை நெருங்கும்போது அவன் மடியில் வைத்திருந்த அவளுடைய போன் அடித்தது.

"அண்ணி." அவன் திரையைப் பார்த்தான். "அம்மா எண்டு விழுகுது."

"எடுங்கோ."

"எனக்கு ஏலாது அண்ணி. அவவுக்கு என்னைத் தெரியாது."

சுதாஜினி வீதியோரத்தில் நிறுத்தினாள். 'வீட்டாருக்குச் சொல்லவேண்டாம் மிஸ், எங்கம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாது, ஏற்கனவே ரெண்டு புள்ளைய வாரிக் குடுத்தவ.' பூரணி கெஞ்சிக் கேட்ட ஒரே விஷயம் அது. தெரியவராது என்று சுதாஜினி வாக்குக் கொடுத்திருந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

போனை வாங்கி, பச்சைப் பொத்தானை இழுத்துக் காதில் வைத்தாள்.

"ராஜினி, எங்கம்மா இருக்க?" மூச்சு வாங்குகிற ஒரு பெண்ணின் குரல். "காலைல போறப்ப மூணு தரம் போயிட்டு வாறேம்மா, போயிட்டு வாறேம்மான்னு சொன்ன. ஒரு தரம் சொன்னாப் பத்தாதா? அதுலேருந்து எனக்கு மனசே சரியில்ல. கடைக்குப் போன் அடிச்சா இன்னைக்கு நீ வேலைக்கே வரலேங்கிறாங்க. ராஜினி? ராஜினி, பேசு தாயி."

விதுசன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

"யாருங்க அது? எம்பொண்ணு போனுல யாரு?"

பெயர் சொல்லத் தேவையில்லை என்று பலகையில் எழுதி வைத்தவள், ஏ9 வீதியோரப் புழுதியில் நின்று தன் பெயரைச் சொன்னாள்.

"நான் சுதாஜினி அம்மா. கிளிநொச்சியில இருக்கிறன். மனக்கஷ்டம் உள்ள ஆக்களோட கதைக்கிறது என்ர வேலை. உங்கட மகள் வியாழக்கிழமையில என்னட்டத்தான் வந்தவா."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த 'வந்தவா', இனி வராத ஒருத்தியைப் பற்றிச் சொன்னதுபோல், அவளுடைய காதில் விழுந்தது.

"இல்லை அம்மா, வாறவா," என்று அவசரமாகத் திருத்தினாள். "வியாழக்கிழமையில வாறவா."